ஜகார்த்தா இளைஞர்கள் மரபையும் இன்றைய வாழ்க்கையையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் சென்னையிலிருந்து ஜகார்த்தா அலுவலகக் குழு ஒன்றோடு தினமும் வேலை செய்கிறார். அங்கே எல்லோருக்கும் இருபத்தைந்திலிருந்து முப்பது வயது. காதில் கொரியப் பாட்டு, கையில் காபி, எதற்கெடுத்தாலும் ஒரு செயலி. ஆனால் நோன்பு மாதம் முடிகிற நேரத்தில் குழுவே பத்து நாள் ஊருக்குப் போய்விடுகிறது. மாதா மாதம் என்னவோ சீட்டு குலுக்குகிறார்கள். வேலை மாறுவதென்றால்கூட "அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்கிறார்கள். இரண்டையும் எப்படி ஒன்றாக வைத்துக்கொள்கிறார்கள் என்பது கேள்வி. எதில் வளைந்து கொடுப்பார்கள், எதில் மாட்டார்கள், அதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது என்பதைத்தான் அவர் உண்மையில் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

இந்தோனேசிய மொழியோடும் அந்நாட்டு அலுவலகங்களோடும் பல ஆண்டுகள் பழகியதில் எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று. எந்தக் கடமைக்குத் தேதியும் அளவும் வகுக்கப்பட்டிருக்கிறதோ, அது நவீன வாழ்க்கைக்குள் பெரிய உரசல் இல்லாமல் உட்கார்ந்துவிட்டது. அளவு சொல்லப்படாத கடமைதான் இந்தத் தலைமுறையை வாட்டுகிறது. நான் சொல்வது பெரும்பாலும் ஜாவா தீவுக்கும் ஜகார்த்தாவுக்கும் பொருந்தும். சுமார் 28 கோடி மக்களும் 700-க்கு மேற்பட்ட மொழிகளும் உள்ள நாடு அது. தாய்வழியில் சொத்து இறங்கும் மினாங்கபாவ் குடும்பத்துக்கும், ஒரே குலப்பெயர் உள்ளவர்கள் மணந்துகொள்ளக் கூடாத பாத்தாக் குடும்பத்துக்கும் கணக்கு வேறு.

முதலில் லெபாரான். ஈகைத் திருநாளை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அதையொட்டி ஊருக்குப் போவது முடிக். சம்பளக்காரர்களுக்குப் பண்டிகைப் பணம் சட்டப்படியான உரிமை. தே-ஹா-எர் என்று மூன்றெழுத்தில் சொல்வார்கள். 2016-ஆம் ஆண்டின் தொழிலாளர் அமைச்சக விதிப்படி, பன்னிரண்டு மாதம் வேலை பார்த்தவருக்கு ஒரு மாதச் சம்பளம் முழுதாகத் தர வேண்டும். ஒரு மாதம் முடிந்து பன்னிரண்டு மாதம் ஆகாதவருக்கு, வேலை பார்த்த மாதங்களைப் பன்னிரண்டால் வகுத்துச் சம்பளத்தால் பெருக்க வேண்டும். மாதம் 60 லட்சம் ரூபியா வாங்குகிறவர் ஐந்து மாதம்தான் வேலை பார்த்திருக்கிறார் என்றால் 25 லட்சம் ரூபியா வரும். பண்டிகைக்கு ஏழு நாள் முன்பே பணம் கைக்கு வந்துவிட வேண்டும். தாமதித்தால் நிறுவனத்துக்கு 5 சதவீத அபராதம், அதைக் கட்டினாலும் பணம் தரும் கடமை தீராது. கிறிஸ்தவருக்குக் கிறிஸ்துமஸை ஒட்டியும், இந்துவுக்கு ஞெப்பி எனும் மௌன நாளை ஒட்டியும், பௌத்தருக்கு வைசாகத்தை ஒட்டியும், கன்பூசிய சமயத்தவருக்குச் சீனப் புத்தாண்டை ஒட்டியும் இதே உரிமை உண்டு. வெறும் கையோடு ஊருக்குப் போகக் கூடாது என்ற பழைய எண்ணத்துக்குச் சம்பளப் பட்டியலிலேயே இடம் கிடைத்துவிட்டது.

விடுமுறையிலும் அப்படித்தான். அரசு ஆண்டுதோறும் 'சுதி பெர்சாமா' எனும் கூட்டு விடுப்பு நாட்களைப் பண்டிகையை ஒட்டி அறிவிக்கும். தனியார் நிறுவனங்களில் அது விருப்பத்துக்கு உட்பட்டது, எடுத்தால் ஆண்டு விடுப்பில் கழியும். சட்டம் உறுதி செய்யும் ஆண்டு விடுப்பே பன்னிரண்டு நாள்தான். அதில் பெரும்பங்கை ஒரே இடத்தில் செலவழிக்க அவர்கள் தயங்குவதில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் குழுவிலுள்ளவர் மற்ற மாதங்களில் ஒரு நாள்கூட விடுப்புக் கேட்காமல் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பண்டிகை தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. முஹம்மதியா எனும் பெரிய இஸ்லாமிய அமைப்பு வானியல் கணக்கின்படி மாதக்கணக்கில் முன்பே தேதியைச் சொல்லிவிடும். அரசோ கடைசி மாலையில் கூடிப் பிறை பார்த்த தகவலையும் கேட்டு அறிவிக்கும். 2023-இல் முஹம்மதியாவுக்கு ஏப்ரல் 21, அரசுக்கு ஏப்ரல் 22. திட்டம் போடும்போது முன்னும் பின்னும் ஒரு நாள் விட்டுவைக்க வேண்டும்.

பயணம்தான் இதில் கடினமான பகுதி. ரயில் சீட்டு விற்பனை ஏறக்குறைய ஒன்றரை மாதம் முன்பு தொடங்கும். நடுஜாவாவுக்கான மலிவு வகுப்புகள் வேகமாகத் தீர்ந்துவிடுவதால் நள்ளிரவில் மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் செயலியைத் திறந்து உட்காருவார்கள். மேற்கு முனையிலுள்ள மெராக்கிலிருந்து சுராபாயா வரை விரைவுச்சாலை இணைந்தது 2018 டிசம்பரில். அதற்கு முன் 2016-இல் ப்ரெபெஸ் சுங்கச்சாலை முடியும் இடத்தில் ஏற்பட்ட நெரிசலை இன்றும் பேசுகிறார்கள். அகலமான சாலை முடிந்து வண்டிகளெல்லாம் ஊருக்குள் குறுகிய பாதையில் இறங்கிய இடம் அது. இப்போது உச்ச நாட்களில் சிக்கம்பெக் பக்கமிருந்து செமாராங்கின் கலிகங்குங் சுங்கச்சாவடி வரை இரு பக்கப் பாதையையும் ஒரே திசைக்குத் திருப்பி விடுகிறார்கள். 2017 அக்டோபர் முடிவிலிருந்து சுங்கத்துக்கு ரொக்கம் கிடையாது, அட்டைதான். அட்டையில் பணம் குறைவாக இருக்கிற ஒரே ஒரு வண்டி வாயிலை அடைத்துக்கொண்டு நிற்கும், பின்னால் வரிசை நீளும். மோட்டார் சைக்கிளில் மனைவி, குழந்தை, மூட்டையோடு ஜகார்த்தாவிலிருந்து புறப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைக் குறைக்கத்தான் ஆட்களைப் பேருந்திலும் வண்டியை லாரியிலும் இலவசமாக ஏற்றிச் செல்லும் திட்டங்களை அமைச்சகங்களும் நிறுவனங்களும் நடத்துகின்றன.

இவ்வளவு பாடும் எதற்கு? சுங்கெம் எனும் சடங்குக்காக. பண்டிகைத் தொழுகை முடிந்ததும் வீட்டில் பெரியவர் நாற்காலியில் அமர்வார். இளையவர் நிமிர்ந்து நடந்து போக மாட்டார், உடலைத் தாழ்த்திக்கொண்டு போய் முழங்காலிடுவார். குவித்த கைகளைப் பெரியவரின் மடிமேல் வைத்து நெற்றியை அதில் சாய்த்து, ஆண்டு முழுதும் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்பார். வயது வரிசைப்படி ஒவ்வொருவராக. தாத்தா பாட்டியில் தொடங்கி வரிசை கீழே இறங்கும். அழுகை சாதாரணம். 2021-இல் பெருந்தொற்றுக்காக மே 6 முதல் 17 வரை அரசு ஊர்ப்பயணத்தைத் தடை செய்தபோது பலரும் வீடியோ அழைப்பில் இதைச் செய்தார்கள். தடை நீங்கியதும் கூட்டம் மறுபடி சாலைக்கு வந்தது. சொற்களை அலைபேசி கொண்டுபோய்ச் சேர்த்தது, நெற்றி படுகிற மடியை அதனால் தர முடியவில்லை. சடங்கைச் சுற்றியுள்ள மற்றவை எளிதாகவே மாறிவிட்டன. நோன்புப் பெருநாள் தர்மம் தலைக்கு 2.5 கிலோ அல்லது 3.5 லிட்டர் அரிசி என்று அளவு சொல்லியிருப்பதால், அதற்கு ஈடான பணத்தைச் செயலியில் கட்டிவிடுகிறார்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கும் புது நோட்டுகளுக்கு நாட்டின் மத்திய வங்கியே இணையத்தில் முன்பதிவு வைத்திருக்கிறது. நாள், இடம், அடையாள எண் கொடுத்துவிட்டுப் போய் இரண்டாயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் ரூபியா நோட்டுக் கட்டுகளாக வாங்கி வரலாம். பெட்டிக்கடை வரை கியூஆர் குறியீட்டில் பணம் கொடுக்கிற ஊரில், வருடத்துக்கு ஒரு முறை மொடமொடவென்ற நோட்டுக்கு இப்படித் தேடல்.

மொழி இவ்வளவு சுலபமாகச் சமாளிக்கப்படவில்லை. ஜாவானிய மொழியில் பேசுபவர் யார், கேட்பவர் யார் என்பதற்கேற்பச் சொல்லே மாறும். சாப்பிடுவதற்குச் சமமானவரிடம் மங்ஙன், பணிவாகத் தன்னைப் பற்றிச் சொல்லும்போது நெடோ, பெரியவர் சாப்பிடுவதற்கு டாஹர். "இபு சம்புன் டாஹர்?" என்றால் "அம்மா சாப்பிட்டீர்களா?". பதிலுக்கு இளைஞர் "குலோ சம்புன் நெடோ" என்று சொல்ல வேண்டும். நகரத்தில் வளர்ந்தவர்கள் மரியாதை என்றால் எல்லாம் உயர்ந்த சொல் என்று நினைத்துத் தனக்கே டாஹர் போட்டுவிடுவார்கள். நம் காதில் "நான் அமுது செய்தருளினேன்" என்று விழுவது போல. இந்தப் பிழைக்கு அஞ்சியே பலர் பாட்டியிடம் இந்தோனேசிய மொழியில் பேசிவிடுகிறார்கள். அதில் படிநிலை குறைவு, தவறும் குறைவு. பாட்டிக்கு அது சற்று அந்நியமாக ஒலிக்கும். இளைஞர்கள் மரியாதையை விட்டுவிட்டார்கள் என்று இதை வைத்து முடிவு கட்டுவது சரியில்லை. மரியாதை தவறிவிடுமோ என்ற பயத்தில் விட்டுப்போவது மொழி.

நீங்கள் பார்த்த குலுக்கலுக்கு அரிசான் என்று பெயர். பத்துப் பேர், தலைக்கு மாதம் 3 லட்சம் ரூபியா, குலுக்கலில் பெயர் வருகிறவருக்கு 30 லட்சம். பத்தாவது மாதம் சுற்று முடியும். நம் ஏலச்சீட்டுபோல் தள்ளுபடி, கழிவு எதுவும் கிடையாது, குலுக்குச் சீட்டுக்குத்தான் அது நெருக்கம். முன்பு பெயரெழுதிய காகிதச் சுருள்களைப் போட்டுக் குலுக்குவார்கள், இப்போது அலைபேசித் திரையில் சக்கரம் சுழல்கிறது. முதலில் எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன், கடைசியில் எடுப்பவருக்கு வட்டியில்லாச் சேமிப்பு. விலைவாசி ஏறும்போது கடைசி ஆளுக்குச் சிறிய நட்டம், அதனால்தான் வரிசையைக் குலுக்கலுக்கு விடுகிறார்கள். ஆனாலும் இதைச் சேமிப்பாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். ஒவ்வொரு முறையும் ஒருவர் வீட்டிலோ உணவகத்திலோ கூடிச் சாப்பிடுவதுதான் மறுபாதி. தனி அறையில் வாடகைக்கு இருக்கும் இளைஞருக்கு, மாதம் ஒரு நாள் யாரோ தன்னை எதிர்பார்த்திருக்கிறார்கள் என்பது சின்ன விஷயமில்லை.

இதில் தவறு நடப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்: முதலில் எடுத்தவர் வேலையை விட்டுப் போய்விடுவார். கட்டுக்கோப்பான குழுக்கள் சில பழக்கங்களை விடாமல் பிடித்துக்கொள்கின்றன. பன்னிரண்டு பேருக்கு மேல் போகாமை, புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் சில மாதங்களில் முறை தராமை, பணம் அனுப்பிய ரசீதைக் குழுவிலேயே போடுவது, விலகுகிறவர் பதிலுக்கு ஓர் ஆளைக் கொண்டுவருவது. முகம் தெரியாதவர்களோடு இணையத்தில் நடத்துவது வேறு சமாச்சாரம். 'மெனூருன்' எனும் இறங்குவரிசை அரிசானில் முறை முன்பே குறிக்கப்படும், முன்னால் எடுப்பவர் அதிகம் கட்டுவார், பின்னால் எடுப்பவர் குறைவாகக் கட்டுவார். கணக்கு நேராக இருந்தால் அதில் பிழையில்லை. ஆனால் நடத்துகிறவர் "இந்த இடத்தை இன்று 10 லட்சத்துக்கு வாங்கு, அடுத்த மாதம் 13 லட்சம் கிடைக்கும்" என்று இடங்களை விற்கத் தொடங்கினால் அது அரிசானே இல்லை. புதிதாக வருகிறவர் பணத்தில் பழையவருக்குக் கொடுக்கும் மோசடி. 'அரிசான் போடோங்' என்ற பெயரில் இவை காவல்துறை வழக்குகளாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. உங்கள் சக ஊழியர் அன்போடு சேரச் சொன்னால், உறுப்பினர் எண்ணிக்கையைச் சுற்றில் உள்ள மாதங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் விலகிவிடுங்கள்.

திருமணத்தில்தான் அளவுள்ள கடமையும் அளவில்லாக் கடமையும் நேருக்கு நேர் மோதுகின்றன. முஸ்லிம்கள் மணத்தை வட்டார சமய அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், கா-ஊ-ஆ என்பார்கள். அலுவலக நேரத்தில் அங்கேயே நிக்காஹ் செய்தால் கட்டணமே இல்லை. வீட்டிலோ மண்டபத்திலோ, விடுமுறை நாளிலோ என்றால் 6 லட்சம் ரூபியா. பத்து வேலை நாட்களுக்கு முன் பதிய வேண்டும், தவறினால் வட்டாட்சியரிடம் தனிக் கடிதம் வாங்க வேண்டியிருக்கும். இந்தக் கட்டணமில்லா மணத்தை விரும்பிச் செய்யும் இளைய தம்பதிகளை இப்போது நிறையப் பார்க்கலாம். எளிய உடை, இருபது பேர், மீதிப் பணம் வீட்டு முன்பணத்துக்கு. பெற்றோர் இதை எதிர்த்தால் வீண் ஆடம்பரத்துக்கு ஆசைப்படுகிறார்கள் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். ஜாவா கிராமத்தில் பல வீடுகளில் அச்சு அசலாக நம் மொய் நோட்டு இருக்கிறது. யார் வீட்டுக்கு எவ்வளவு பணம், எத்தனை கிலோ அரிசி, சர்க்கரை கொடுத்தோம் என்று அதில் எழுதியிருக்கும். இருபது வருடமாகக் கொடுத்தது தன் பிள்ளை கல்யாணத்தில்தான் திரும்பி வரும். விருந்தே வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் பெற்றோருக்கு அது வாராக்கடன். பல குடும்பங்களில் கடைசியில் எட்டப்படும் சமரசம் இப்படி இருக்கும்: நிக்காஹ் இளையவர்கள் விருப்பப்படி நகரத்தில், ஊரில் பெற்றோர் பெயரில் ஒரு நாள் விருந்து, வரும் பணம் பெற்றோருக்கு. அந்த அழைப்பிதழில் மணமக்களைக் குறிக்கும் 'மெம்பெலாய்' என்ற சொல் நம் மாப்பிள்ளையிலிருந்து போனது. அங்கே அது பெண்ணுக்கும் பொருந்தும்.

அளவே இல்லாதது பெற்றோருக்கு அனுப்பும் பணம். நம் 'பக்தி' என்ற சொல்லையே அவர்கள் பெற்றோருக்கான கடனுக்கும் சொல்கிறார்கள். மாதம் எவ்வளவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். தம்பியின் படிப்பு, கூரை ஒழுகல், உறவில் ஒரு சாவு என்று அது வளர்ந்துகொண்டே போகும். மேலே பெற்றோரும் கீழே குழந்தையும் அழுத்த நடுவில் நசுங்குவதால் தங்களைச் 'சான்ட்விச் தலைமுறை' என்று அழைத்துக்கொள்கிறார்கள். இதற்கு ஒரு சிறிய விடை, பலருக்குத் தெரியாமலே, சம்பளப் பட்டியலில் இருக்கிறது. தேசிய மருத்துவக் காப்பீடான பெபெஜெஎஸ்ஸில் சம்பளத்தில் 5 சதவீதம் கட்டணம்: நிறுவனம் 4, ஊழியர் 1. அதில் ஊழியர், துணை, மூன்று குழந்தைகள் அடங்குவார்கள். பெற்றோரையோ மாமனார் மாமியாரையோ சேர்க்க வேண்டுமென்றால் தலைக்கு இன்னொரு சதவீதம்தான். மனிதவளப் பிரிவில் எழுதிக் கொடுத்தால் மாதா மாதம் பிடித்துக்கொள்வார்கள். குடும்பச் செலவைத் திடீரென்று கவிழ்ப்பது பெரும்பாலும் மருத்துவமனை என்பதால், இந்த ஒரு சதவீதம் செய்யும் உதவி பெரிது. கடமைக்கு ஓர் எண் கிடைத்ததும் அதைச் சுமப்பது எப்படி எளிதாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இதுவரை சொன்னதில் விதிகளும் தொகைகளும் உறுதியானவை. இனி சொல்வதில் எச்சரிக்கை தேவை. பதிவான திருமணங்கள் 2018-இல் சுமார் 20 லட்சம், 2023-இல் சுமார் 15.8 லட்சம். இதை வைத்து இளைஞர்கள் குடும்பத்தையே வேண்டாம் என்கிறார்கள் என்று எழுதுவோர் உண்டு. ஆனால் பெண்ணின் குறைந்தபட்ச மணவயது 2019-இல் 16-லிருந்து 19 ஆனது, இடையில் பெருந்தொற்று வந்தது, வீட்டு விலை ஏறியது. எது எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம், மனமாற்றம் என்று ஒரே வரியில் முடிப்பது அவசரம். 'மரபு' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். பண்டிகைக்குப் பின் அலுவலகங்களில் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் ஹலால் பிஹலால் கூட்டம் அரபுப் பெயரோடு இருந்தாலும் இந்தோனேசியாவிலேயே உருவானது. அதன் தொடக்கத்தைச் சுகர்னோ காலத்தோடு இணைக்கும் கதையும் உண்டு, அதற்கு வெகு முந்தைய ஜாவா அரண்மனையோடு இணைக்கும் கதையும் உண்டு. பாலியில் ஞெப்பிக்கு முந்தைய மாலையில் இளைஞர் குழுக்கள் சுமந்து வரும் ஒகோ-ஒகோ எனும் பூத உருவங்களைப் பார்க்கிறவர்கள் ஆயிரம் ஆண்டுப் பழக்கம் என்று நினைக்கிறார்கள், அது பரவலானது 1980-களில். அதே ஞெப்பியன்று இருபத்துநான்கு மணி நேரம் விமான நிலையம் மூடியிருப்பதோடு, 2018 முதல் கைபேசி இணையமும் நிறுத்தப்படுகிறது. இளைய தலைமுறை பழையதைக் காப்பதோடு புதிதாக மரபை உண்டாக்கவும் செய்கிறது.

உங்கள் வேலைக்கு வருகிறேன். பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பும் ஒரு வாரம் பின்பும் எந்தக் கெடுவும் வைக்காதீர்கள். நடுவில் ஒருவரையாவது நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் முஸ்லிம் அல்லாத ஊழியரிடம் முதலில் கேட்டு, கிறிஸ்துமஸுக்கோ ஞெப்பிக்கோ அவருக்கு ஈடு செய்யுங்கள். வேலை மாற நினைப்பவர்கள் பலர் தே-ஹா-எர் வந்த பிறகே விலகல் கடிதம் கொடுப்பார்கள் என்பதால், அடுத்த மாதத்துக்கு ஆள் கணக்கைச் சற்றுத் தளர்வாகப் போடுங்கள். "அம்மாவிடம் கேட்கிறேன்" என்பதைத் தட்டிக்கழிப்பதாக எண்ண வேண்டாம். ரெஸ்து எனும் ஆசி இல்லாமல் தொடங்கினால் நிம்மதி இருக்காது என்பது அவர்களுக்கு மெய்யான உணர்வு. ஒரு வார அவகாசம் கொடுத்து, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். "முயன்று பார்க்கிறேன்" என்ற பதில் குழு அழைப்பில் வந்தால் அது பெரும்பாலும் முடியாது என்பதன் பணிவான வடிவம், தனிச் செய்தியில் மறுபடி கேளுங்கள், உண்மை வரும். எப்போது கல்யாணம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், ஊரில் எல்லா அத்தைகளும் கேட்டு முடித்திருப்பார்கள். பெருநாள் காலையில் "மொஹோன் மாஃப் லாஹிர் டான் பாதின்" என்று எழுதி அனுப்புங்கள். வெளியில் தெரிந்தும் உள்ளத்துக்குள்ளும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். குழுவில் ஒன்றாகப் போடாமல், அந்த ஆண்டில் நீங்கள் யாரிடம் கடுமையாகப் பேசினீர்களோ அவருக்கு முதலில், பெயர் சொல்லி அனுப்புங்கள். "சாமா-சாமா, நானும்தான்" என்று அவர் பதில் எழுதுவார்.